மட்றிட் நகரில் ஒரு நெசவுக்காரியின் வழக்கு

ஸ்பெயின் தேசத்தின் தலைநகராகிய மட்றிட் கடற்கரைப் பட்டினமும் அன்று. பேராற்றங்கரை நகரமும் அன்று. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 650 மீற்றர் உயரத்திலே, வறண்ட மேட்டுநிலத்தின் நடுவே, மன்சனாரெஸ் என்னும் மெலிந்த ஆறொன்றின் அருகே அது அமைந்திருக்கின்றது. இயற்கை அதற்கு அளித்த செல்வம் சிறிதே. 1561ஆம் ஆண்டில் இரண்டாம் பிலிப் மன்னன் தன் அரசவையை அங்கே கொண்டுவந்தமையால் சிற்றூர் பெருநகராயிற்று. அவனும் அவன்வழி வந்தோரும் ஓவியங்களைத் தேடிக் குவித்தமையால் அந்நகரம் உலகறிந்த கலைக்கோயிலாயிற்று. ஆகவே, பிற தலைநகரங்களிலே கோபுரங்களையும் பாலங்களையும் காண விரையும் பயணி, மட்றிட்டிலே முதலில் வழி கேட்பது பிராடோ நூதனசாலைக்கே.

பிராடோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் புல்வெளி என்பது பொருள். ஒருகாலத்தில் நகரின் புறத்தே பசும்புல் வளர்ந்து கிடந்த இடம், இன்று இருமருங்கும் மரங்கள் நிழல்பரப்பும் அகன்ற வீதியாக விளங்குகின்றது. 2021இல் அவ்வீதியும் அதனையடுத்த ரெற்றீரோ பூங்காவும் உலக மரபுரிமைச் சின்னங்களின் வரிசையிலே சேர்க்கப்பட்டன. வீதியின் ஓரத்தே செங்கல்லும் கருங்கல்லும் கொண்டு எழுப்பிய நீண்ட மாளிகையே நூதனசாலை. இயற்கை விஞ்ஞானப் பொருள்களுக்கென மூன்றாம் கார்லோஸ் மன்னன் 1785இல் வியானுவேவா என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு வகுப்பித்த இடம் அது. இடையிலே போர் வந்தது, பிரெஞ்சுப் படை வந்தது, கட்டடம் பாழ்பட்டது. இறுதியில் 1819 நவம்பரிலே, முதலில் எண்ணிய பயனுக்கன்றி, அரச குடும்பத்தின் ஓவியங்களை மக்கள் காணும் சாலையாக அது திறக்கப்பட்டது.

மேற்கு வாயிலின் முன்னே வெண்கலச் சிலையொன்று வீற்றிருக்கின்றது. குதிரைமேல் அமர்ந்த தளபதியுமன்று, முடிசூடிய மன்னனுமன்று. வண்ணத்தட்டும் தூரிகையும் ஏந்திய ஓர் ஓவியர், தியேகோ வெலாஸ்கெஸ். 1599இல் செவில் நகரிற் பிறந்து, 1623இல் நான்காம் பிலிப் மன்னனின் அவைக்கு வந்து, 1660இல் இறக்கும்வரை அம்மன்னனுக்கே பணிசெய்தவர். அவர் பிறந்து முந்நூறாண்டு நிறைந்த 1899இல் இச்சிலை நிறுவப்பட்டது.

உள்ளே நுழைவோரிற் பெரும்பாலோர் நேரே செல்வது அவர் தீட்டிய "லாஸ் மெனினாஸ்" என்னும் பெருஞ்சித்திரத்தை நோக்கியே. இளவரசியையும் தோழியரையும் காட்டும் அப்படத்தின் முன்னே எந்நேரமும் கூட்டம் நிற்கும். நானும் அங்கே நெடுநேரம் நின்றேன். ஆயினும், இன்று நான் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புவது, அதே ஓவியரின் கையால் ஏறத்தாழ அதே காலத்தில் எழுந்த வேறொரு படத்தைப்பற்றி. அதன் வழக்குப்பெயர் "லாஸ் இலாந்தெராஸ்". நூல் நூற்கும் மகளிர் என்பது பொருள். 1655க்கும் 1660க்கும் இடையிலே தீட்டப்பெற்றது. அதன்முன் கூட்டம் குறைவு. வருவோரிற் பலர், வேலை செய்யும் பெண்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அறிஞரும் அவ்வாறே பார்த்துச் சென்றனர்.

கண்ணுக்குத் தெரிவது

படத்தின் முற்பகுதி மங்கலான ஓர் அறை. ஐந்து பெண்கள் அங்கே வேலைசெய்கின்றனர். இடப்புறத்தே தலையில் வெண்துகில் கட்டிய முதியவள் ஒருத்தி இராட்டினத்தைச் சுழற்றுகின்றாள். அவளருகே ஒரு பெண் சிவப்புத் திரையொன்றை ஒதுக்கிக்கொண்டே அவளோடு ஏதோ பேசுகின்றாள். நடுவிலே, நிழலின் ஆழத்தில், தரையில் அமர்ந்த ஒருத்தி கம்பளி மயிரைச் சிக்கெடுக்கின்றாள். அவளுடைய முகம் நமக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வலப்புறத்தே வெண்சட்டையணிந்த இளம்பெண் நமக்கு முதுகைக் காட்டியவளாய், சுழலும் சட்டத்திலிருந்து நூலை இழுத்து உண்டையாகச் சுற்றுகின்றாள். அவளுக்கு உதவியாக இன்னொருத்தி கூடையோடு வந்து நிற்கின்றாள். தரையிலே கம்பளித் துணுக்குகள் சிதறிக்கிடக்க, அவற்றின் நடுவே பூனையொன்று அமைதியாகப் படுத்திருக்கின்றது. சுவரிலே ஓர் ஏணி சாய்ந்து நிற்கின்றது.

அந்த இராட்டினத்தை நேயர்கள் ஒருகணம் மனக்கண்ணிலே நிறுத்துதல் வேண்டும். அதன் ஆரக்கால்களை ஓவியர் வரையவேயில்லை. விரைந்து சுழலும் சக்கரத்திலே நம் கண் எதனைக் காணுமோ அதனை மாத்திரமே, காற்றுப்போன்ற மெல்லிய வண்ணத்தினாலும் ஓரிரு ஒளிக்கீற்றினாலும் காட்டிவிட்டார். புகைப்படக் கருவி தோன்றுவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இயக்கத்தை இவ்வாறு பிடித்துவைத்த கண் அது. அருகிற் சென்று பார்த்தால் சில தூரிகைக் கோடுகளன்றி அங்கே ஒன்றுமில்லை. நாலடி பின்னே நகர்ந்தால் சக்கரம் சுழல்கின்றது. நூல் சுற்றும் பெண்ணின் விரல்களும் அத்தகையனவே.

முற்பகுதிக்கு அப்பால், இரு படிகள் உயர்ந்த சிறிய மாடம் ஒன்று உண்டு. ஒளியெல்லாம் அங்கேதான் பாய்கின்றது. பட்டாடை புனைந்த சீமாட்டிகள் மூவர். சாத்திவைத்த பெரிய நரம்பிசைக் கருவி ஒன்று. சுவரை மறைத்துத் தொங்கும் சித்திரக் கம்பளம் ஒன்று. கம்பளத்தின் முன்னே தலைக்கவசம் தரித்த ஒரு பெண் கையை உயர்த்தி நிற்கின்றாள்; அவளெதிரே இன்னொரு பெண். சீமாட்டிகளுள் ஒருத்தி மாத்திரம் திரும்பி, இருண்ட வேலையறைப் பக்கமாக நோக்குகின்றாள்.

சித்திரக் கம்பளம் நெய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை நடக்கின்றது, சீமாட்டிகள் விலைக்கு வாங்க வந்திருக்கின்றனர் என்றே பல்லாண்டுகளாக இப்படத்துக்கு விளக்கம் கூறப்பட்டது. மட்றிட்டின் சாந்தா இசபெல் வீதியில் இருந்த தொழிற்சாலையே இதுவெனப் பெயரும் சூட்டினர். அப்படியாயின் தலைக்கவசம் தரித்த பெண் அங்கே வந்தது எதற்கு? அக்கேள்விக்கு விடை 1948இலேதான் கிடைத்தது.

பட்டியலில் அகப்பட்ட பெயர்

அந்த ஆண்டிலே மரியா லூயிசா காத்துர்லா என்னும் ஆராய்ச்சியாளர், பேத்ரோ தெ ஆர்செ என்பவருடைய உடைமைகளை எழுதிவைத்த 1664ஆம் ஆண்டுப் பட்டியலொன்றை வெளிப்படுத்தினார். ஆர்செ அரண்மனையைச் சார்ந்த ஓர் அலுவலர். வெலாஸ்கெஸின் படம் ஒன்று அவரிடம் இருந்தது. பட்டியலில் அதற்கிட்ட பெயர் நூற்கும் மகளிர் அன்று, "அரக்னேயின் கதை." அதே ஆண்டிலே தியேகோ அங்குலோ என்னும் கலை வரலாற்றறிஞர், படத்தின் உருவங்களைக் கொண்டே ஆராய்ந்து, இது அரக்னேயின் கதையே என்று எழுதினார். பத்திரமும் படமும் ஒரே விடையைச் சொல்லின.

அரக்னேயின் கதையை உரோமப் பெருங்கவிஞர் ஓவிட், உருமாற்றங்களைப் பாடும் தம் காவியத்தின் ஆறாம் பகுதியிலே கூறுகின்றார். லிடியா நாட்டிலே சாயக்காரர் ஒருவரின் மகள் அரக்னே. குலத்தாலோ செல்வத்தாலோ அவளுக்குப் புகழில்லை. கைத்திறத்தால் மாத்திரமே புகழ். அவள் நூற்பதையும் நெய்வதையும் காண வனதேவதையரும் வந்து நின்றனராம். இத்திறம் நெசவின் தெய்வமாகிய அதீனாவிடம் கற்றதன்றோ என்று பிறர் கூற, அவள் மறுத்தாள். வேண்டுமாயின் தெய்வமே வந்து என்னோடு போட்டியிடட்டும் என்றாள். அதீனா முதியவளின் வேடத்தில் வந்து, மன்னிப்புக் கேள் என்று புத்தி சொன்னாள். அரக்னே செவிசாய்க்கவில்லை. வேடம் கலைந்தது, இரு தறிகள் எழுந்தன.

அதீனா தன் வெற்றியையும், தெய்வங்களை எதிர்த்து அழிந்த மானிடரின் கதியையும் நெய்தாள். அரக்னே நெய்தது தெய்வங்கள் மானிடப் பெண்களுக்குச் செய்த வஞ்சனைகளை. எருதின் உருக்கொண்ட தேவர்கோன் சேயுஸ், ஐரோப்பா என்னும் கன்னியைக் கடல்கடந்து கவர்ந்துசென்ற காட்சியே அதில் முதலாவது. முடிந்த துணியை அதீனா ஆராய்ந்தாள். குற்றம் ஒன்றுங் காணவில்லை. காணாமையே அவளுடைய சினத்தை மூட்டியது. துணியைக் கிழித்தாள், கையிலிருந்த நாடாவினால் அரக்னேயின் நெற்றியில் அடித்தாள். அவமானம் பொறாது அப்பெண் சுருக்கிட்டுக்கொள்ள, அதீனா ஒருவகை இரக்கங்கொண்டு அவளைச் சிலந்தியாக்கினாள். கிரேக்க மொழியில் அரக்னே என்றாலே சிலந்திதான். அன்று தொட்டு அவள் நூற்றுக்கொண்டே இருக்கின்றாள்.

தமிழ் படித்தவர்க்கு இவ்விடத்தில் நக்கீரர் நினைவு வருதல் இயல்பு. அங்கே தெய்வத்தின் பாட்டிலே மனிதர் குற்றங்கண்டார். இங்கே மனிதப் பெண்ணின் துணியிலே தெய்வம் குற்றந்தேடித் தோற்றது. பொற்றாமரையில் வீழ்ந்த நக்கீரர் கரையேறினார், அரக்னேக்குக் கரையில்லை. இக்கதையைப் பாடிய ஓவிட்டையும் கி.பி. 8ஆம் ஆண்டில் அகஸ்தஸ் பேரரசன் கருங்கடற் கரைக்கு நாடுகடத்தினான். உரோமுக்கு அவர் மீளவேயில்லை. வல்லமையுடையோரின் முன்னே கலைஞனின் நிலை யாது என்பதே கதையின் உட்பொருள். அரண்மனைச் சம்பளத்தில் வாழ்ந்த வெலாஸ்கெஸ் அதனை நன்கு அறிந்திருப்பார். அவர் இறந்தபின் எழுதப்பட்ட நூற்பட்டியலிலே ஓவிட்டின் காவியமும் இருந்தது. "லாஸ் மெனினாஸ்" படத்திலும், பின்சுவரின் இருளிலே தொங்கும் சித்திரங்களுள் ஒன்று, ரூபென்ஸ் தீட்டிய அதீனா அரக்னே கதையின் பிரதியே.

கம்பளத்தில் இருப்பது யாது?

கதையை அறிந்தபின் மீண்டும் மாடத்தை நோக்குவோம். தலைக்கவசம் தரித்தவள் அதீனா. எதிரே நிற்பவள் அரக்னே. பின்னே தொங்குவது அரக்னே நெய்து முடித்த துணி. அத்துணியிலே வெலாஸ்கெஸ் வரைந்த காட்சி அவர் புதிதாகக் கற்பித்ததன்று. வெனிஸ் நகரத்து மாபெரும் ஓவியர் டிஷியன், இரண்டாம் பிலிப் மன்னனுக்கென 1562இல் முடித்தனுப்பிய "ஐரோப்பா" என்னும் படமே அங்கே கம்பளமாகத் தொங்குகின்றது. வெலாஸ்கெஸ் காலத்தில் அப்படம் மட்றிட் அரண்மனையிலே இருந்தது. 1628இல் அங்கே தூதராக வந்த பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் ரூபென்ஸ், அதனைப் பார்த்து முழு அளவிற் பிரதிசெய்தார். அக்காலத்தில் இளைஞராயிருந்த வெலாஸ்கெஸ் அவரோடு பழகியவர். பிரதி இன்றும் பிராடோவில் உண்டு. மூலம் பல கைமாறி 1896இல் அமெரிக்காவுக்குச் சென்றது. இப்பொழுது பொஸ்ரன் நகரில் இசபெல்லா ஸ்ருவட் கார்ட்னர் நூதனசாலையில் இருக்கின்றது. 2021இல் நடந்த கண்காட்சியொன்றுக்காக அது மட்றிட்டுக்கு வந்தபோது, டிஷியனின் மூலமும் ரூபென்ஸின் பிரதியும் வெலாஸ்கெஸின் படமும் ஒரே கண்காட்சியிலே கூடின.

இதிலே ஓவியரின் தீர்ப்பு மறைந்துகிடக்கின்றது என்பது என் துணிபு. தெய்வத்தின் தண்டனைக்கு ஆளாகப்போகும் ஏழைப்பெண்ணின் துணிக்கு, ஸ்பெயின் மன்னர் பொக்கிஷமாகப் போற்றிய டிஷியனின் சித்திரத்தையே அவர் கொடுத்தார். அவள் நெசவு டிஷியனின் ஓவியத்துக்கு நிகர் என்று வாயாற் சொல்லவில்லை, தூரிகையாற் சொன்னார். அதீனாவின் கை உயர்ந்திருக்கின்றது. அடி இன்னும் விழவில்லை. துணி கிழியவில்லை. அக்கணத்திலேயே படம் நின்றுவிடுகின்றது.

இதனை அவர் தீட்டிய காலத்தையும் கருதுதல் வேண்டும். ஓவியம் கைத்தொழிலா, அறிவுக் கலையா என்னும் வாதம் அந்நாளில் ஸ்பெயினிலே ஏட்டளவில் நின்றதன்று. தச்சரும் கொல்லரும் செய்த பொருளுக்குரிய விற்பனை வரியை ஓவியத்துக்கும் கேட்டமையால் அது நீதிமன்றம்வரை சென்ற வாதம். வெலாஸ்கெஸுக்கோ அது சொந்த வாழ்வின் வாதமாயிற்று. சந்தியாகோ வீரர் அணி என்னும் உயர்குடியினர் சபையில் அவரைச் சேர்க்க மன்னன் 1658இல் முன்மொழிந்தான். கையால் உழைத்துப் பிழைத்தவருக்கு அங்கே இடமில்லை என்பது விதி. நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். அவர் கடை வைத்ததில்லை, படம் விற்றுப் பிழைத்ததில்லை, மன்னனின் விருப்பத்துக்காகவே தீட்டினார் என்று நண்பர்கள் சாட்சி கூறினர். அப்பொழுதும் அவருடைய குலப்பெருமை போதாதென்று சபை மறுத்தது. பாப்பரசரின் விதிவிலக்குப் பெற்றபின்னரே, 1659 நவம்பரில், அவர் மார்பிலே செஞ்சிலுவைச் சின்னம் ஏறியது. அடுத்த ஆண்டு ஓகஸ்ற் 6ஆந் தேதி அவர் காலமானார்.

கையால் உழைத்தவரல்லர் என்று சாட்சிகளைக்கொண்டு நிறுவவேண்டியிருந்த அம்மனிதர், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், கையால் உழைக்கும் ஐந்து பெண்களைத் தம் படத்தின் முற்றத்திலே பேருருவாக நிறுத்தினார். தெய்வமும் சீமாட்டிகளும் பின்னே சிற்றுருவாக நிற்கின்றனர். மயிர் சிக்கெடுக்கப்படுகின்றது, நூலாகின்றது, உண்டையாகின்றது, படியேறிச் சென்றால் சித்திரமாகின்றது. முன்னறையின் நூலின்றிப் பின்மாடத்தின் கலையில்லை. முதியவளே வேடமிட்ட அதீனா என்றும், நூல் சுற்றும் இளம்பெண்ணே அரக்னே என்றும் சில அறிஞர் கருதுவர். முதியவளின் ஆடைக்குக் கீழே தெரியும் கால் இளமையுடையதாயிருத்தலை அவர்கள் சான்றாகக் காட்டுவர். வேறு சிலர் அவர்களை வேலைக்காரப் பெண்களாகவே கொள்வர். அவ்விரு பெண்களின் உடல்நிலைகள், உரோமிலே சிஸ்ரைன் ஆலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய உருவங்களைத் தழுவியவை என்பதை அங்குலோ எடுத்துக்காட்டினார். வேலைக்காரிகளேயாயினும், ஆலய விதானத்துக்குரிய கம்பீரத்தோடு அவர்கள் அமர்ந்திருக்கின்றனர்.

18ஆம் நூற்றாண்டிலே இப்படத்தைக் கண்ட ஜெர்மானிய ஓவியர் மெங்ஸ், கையின் துணையின்றி உள்ளத்தின் விருப்பத்தினாலேயே ஆனது போலும் என்னும் கருத்துப்பட வியந்து எழுதினார். கையை மறந்துவிட்ட அப்புகழ்ச்சி, கைகளையே பொருளாகக்கொண்ட படத்துக்கு வாய்த்தது!

அதே நூற்றாண்டிலே வேறொன்றும் நிகழ்ந்தது. படத்தின் மேலே ஏறத்தாழ அரை மீற்றர் அகலமும், பக்கங்களில் அதனினும் ஒடுங்கியவுமான துண்டுகளை ஒட்டிப் பெரிதாக்கினர். மாடத்தின் மேலே தெரிந்த வளைவும் வட்டச்சாளரமும் அவ்வாறு பிறர் சேர்த்தவை. 252 சென்ரிமீற்றர் அகலமும் 167 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட படம் 289க்கு 220 ஆயிற்று. பின்மாடம் தூரப்போயிற்று; கதை மறைந்து தொழிற்சாலை மாத்திரம் எஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். 2021இல் நூதனசாலையார், ஒட்டிய துண்டுகளை வெட்டி எறியாமலே, அவற்றை மறைக்கும் புதிய சட்டமொன்றை அமைத்தனர். ஆகையால் இன்று செல்வோர், வெலாஸ்கெஸ் விட்டுச்சென்ற அளவிலேயே படத்தைக் காணலாம். பழைய அச்சுப்படங்களிற் பார்த்துப் பழகிய மாணவர்க்கு, மாடம் ஓரடி முன்னே வந்துவிட்டது போலத் தோன்றும்.

தறியின் பின்புறம்

பிராடோவுக்குச் செல்வோர் அதனோடு நில்லாது, தென்கிழக்கே அற்றோச்சாப் புகையிரத நிலையத்தைக் கடந்து இன்னுஞ் சிறிது தூரம் நடத்தல் நன்று. ஐந்தாம் பிலிப் மன்னன் காலத்தில், 1720களின் தொடக்கத்தில், ஆரம்பிக்கப்பட்ட அரச சித்திரக் கம்பளத் தொழிற்சாலை அங்கே இன்றும் இயங்குகின்றது. இளமையில் கோயா என்னும் ஓவியர் நெசவு மாதிரிப் படங்கள் தீட்டிக் கொடுத்தது இத்தொழிற்சாலைக்கே. அப்படங்களும் பிராடோவில் உள்ளன. கோயாவின் பெயரை உலகம் அறியும். அவற்றைப் பார்த்து நெய்தவர்களின் பெயரை எத்தனைபேர் அறிவர்?

அங்கே உயர்ந்த தறிகளின் முன்னே ஆண்களும் பெண்களும் அமர்ந்து நெய்கின்றனர். எந்திரங்கள் மலிந்த இக்காலத்திலும் விரல்களே அங்கே வேலைசெய்கின்றன. ஒரு சதுர மீற்றர் சித்திரம் முடிவதற்கு மாதக்கணக்கிற் செல்லும். நிமிர்ந்த தறியிலே நெய்பவர், துணியின் பின்புறத்தே அமர்ந்தே நெய்தல் வேண்டும். முடிச்சுகளும் அறுந்த நூல்முனைகளும் நிறைந்த பக்கமே நாள்முழுதும் அவர்கள் கண்முன் இருப்பது. முகப்பிலே உருவம் எவ்வாறு வந்திருக்கின்றது என்று காணவேண்டுமாயின், வேலையை நிறுத்தி எழுந்து, தறியைச் சுற்றிச் செல்லல் வேண்டும். நான் நின்ற அரைமணி நேரத்தில் ஒரு பெண் அவ்வாறு எழுந்து சென்றாள். கையைப் பின்னே கட்டியபடி தன் துணியைச் சற்றுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவந்து அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.